ரோஸ் பஸ்ஸின் கதவில் தெரியும் அந்தக் கை

கண்டக்டர் வேலை என்பது, உள்ளே இடம் நிறைய இருக்கிறது என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்லிவிட்டு, தான் மட்டும் இடமில்லாமல் வெளியே தொங்கும் வேலை.

கோலாலம்பூரில் ரோஸ் நிற மினி பஸ் ஓடிய காலத்தில் நின்றுகொண்டே போய்வந்த தோழர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்தவர் முழங்கை உங்கள் விலாவில் இருந்தது. உங்கள் முழங்கை இன்னொருவரின் சாப்பாட்டுப் பையில் இருந்தது. அப்போது கதவுப் பக்கமிருந்து, "மாசோக் டாலாம்! பெலாகாங் கோசோங்!" என்று ஒரு குரல் கேட்டிருக்கும். உள்ளே போங்கள், பின்னால் காலி என்று அர்த்தம். பின்னால் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. அந்தப் பொய்க்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற எதற்கும் கேட்க மாட்டேன்.

இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டு இப்போது எழுதக் காரணம் உண்டு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் மினி பஸ்ஸின் வரலாறு என்று கண்காட்சி வைத்திருக்கிறார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய படம். ரோஸ் பஸ்ஸின் ஜன்னலில் டிரைவர் சந்திரன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறான். பஸ்ஸின் இன்னொரு கோடியில், கதவுக்குப் பக்கத்தில், மணிக்கட்டு வரை ஒரு கை மட்டும் தகரத்தின் மேல் பதிந்திருக்கிறது. கீழே பலகையில் எழுதியிருக்கிறது: "ஓட்டுநர்: சந்திரன். நடத்துநர்: பெயர் தெரியவில்லை."

அந்தக் கை என் கை. அந்தப் பலகையில் என் பெயர் வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். பொறாமை என்பீர்கள். உழைத்தவன் தன் பங்கைக் கேட்டால் உட்கார்ந்திருப்பவன் அதற்கு வைக்கும் பெயர்தான் பொறாமை என்று ஒரு துண்டறிக்கையில் எழுதியிருக்கிறேன். எழுதியது சரிதான். ஆனாலும் உங்களிடம் மறைப்பானேன், இது பொறாமையும்தான்.

ஒரு தட்டு, இரண்டு தட்டு

நகரத்தில் வேலைக்கு வரும் கூட்டம் பெருகி, பெரிய பஸ்கள் போதாமல் போனபோதுதான் இந்தக் குட்டி பஸ்களை விட்டார்கள். குட்டி பஸ்ஸும் போதவில்லை. உட்கார இருக்கும் இடத்தைப் போல இரண்டு மடங்கு ஆட்கள் நிற்பார்கள். டிரைவர் இடது பக்கம் திரும்பிப் பார்த்தால் தெரிவது யாருடைய சட்டைப் பையோதான். அதனால் கதவில் நிற்கும் கண்டக்டர்தான் அவனுக்குக் கண். பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் எடு. செலாயாங்கிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரை நானும் சந்திரனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது. அவன் ரோட்டைப் பார்த்தான். நான் தட்டினேன். நான் தட்டுவதில் கொஞ்சம் வேகம் அதிகம். "டேய் மாணிக்கம், பஸ்ஸத் தட்டுறியா, தவுக்கே முதுகுல அறையிறியா?" என்று அவன் முன்னாலிருந்து கத்துவான். தவுக்கே என்றால் எங்கள் பஸ் முதலாளி.

ஒருநாள் காலை, படியில் நின்ற ஒருவரிடம் கண்டக்டருக்கு ஏன் இருக்கை இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மேடைப் பேச்சில் பழகியவன் நான். முக்கியமான இடம் வந்தால் மேசையைக் குத்துவது என் வழக்கம். "உழைக்கிறவனுக்கு உட்கார உரிமை உண்டு!" என்ற இடம் வந்தது. மேசை இல்லை, தகரம் இருந்தது. ஓங்கி ஒன்று வைத்தேன். சந்திரன் பிரேக்கை மிதித்தான். பஸ்ஸில் நின்ற கூட்டமே முன்னால் போய் விழுந்தது. தப்பு என்னுடையது என்று எனக்குத் தெரியும், ஆனால் விழுந்தவர்களில் ஒருவர்கூட டிரைவரைத் திட்டாததுதான் உறுத்தியது. செந்தூலில் தினமும் ஏறி ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்குப் போகும் பாக்கியம் அக்கா, கலைந்த கொண்டையை முடிந்துகொண்டே சொன்னார்: "அந்த டிரைவர் தம்பி தங்கம் லா. இந்தக் கதவுல தொங்குதே ஒண்ணு, இதுதான் சனி."

முறுக்கு டின்

இந்தப் பாக்கியம் அக்காவை ஓடுகிற பஸ்ஸில் தினமும் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டவன் நான். அவருடைய குடை விழுந்தபோது இறங்கி ஓடி எடுத்துவந்தவன் நான். சந்திரன் செய்ததெல்லாம் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "அக்கா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டது மட்டும்தான். அதுவும் வாரத்துக்கு ஒருமுறை.

தீபாவளிக்கு மறுநாள் அக்கா ஒரு முறுக்கு டின்னோடு ஏறினார். நல்ல மழை. என் பாதி உடம்பு உள்ளே, மீதி மழையில். டின்னை என் பக்கம் நீட்டினார். அந்த ஒரு நொடியில் உலகத்தின் மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? "அண்ணே, இத டிரைவர்கிட்ட குடுத்துடுங்க" என்றார். தலைகளுக்கு மேலே கைக்குக் கை மாற்றி டின்னை முன்னால் அனுப்பினேன். சந்திரன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் முறுக்கு கடிக்கும் சத்தம் கதவு வரை கேட்டது. "எனக்கு இல்லையாக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அக்கா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை: "உங்களுக்கு எதுக்குண்ணே, நீங்கதான் வாய மூடறதே இல்லையே, மெல்றதுக்கு ஏது நேரம்?"

தட்டாப் போராட்டம்

நான் அதிகம் படித்தவன் இல்லை. படித்ததெல்லாம் துண்டறிக்கைகள்தான். ஒரு பக்கத்தில் அநியாயம், மறு பக்கத்தில் கோரிக்கை. அந்த நடையிலேயே நானும் எழுதக் கற்றுக்கொண்டேன். கண்டக்டருக்கு ஒரு மடக்கு இருக்கை, ஒரு மழைச்சட்டை, சாப்பிட அரைமணி நேரம் என்று மூன்று கோரிக்கைகள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடையில் சைக்ளோஸ்டைல் எடுத்து, நீளவாக்கில் மடித்து, டிக்கெட் காசு நோட்டுகளோடு சேர்த்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, எதிரே வரும் பஸ்களின் கண்டக்டர்களுக்குக் கை மாற்றினேன். கீழே "போராட்டக் குழு" என்று மட்டும் போட்டேன். குழு என்பது நான்தான். பெயர் போட்டால் வேலை போகும்.

போராட்டத்தின் அழகு என்னவென்றால், யாரும் வேலைக்கு வராமல் இருக்க வேண்டாம். எல்லாக் கண்டக்டரும் கதவில் நிற்போம், டிக்கெட் கொடுப்போம், ஆனால் தட்ட மாட்டோம். தட்டாமல் எந்த டிரைவரும் எடுக்க மாட்டான். ஒரு திங்கட்கிழமை காலை செலாயாங் பாசாரில், சந்தை ஓரத்தில், பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன, ஒன்றுகூட நகரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோலாலம்பூர் என் கைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

கால் மணி நேரம். அவ்வளவுதான். பிறகு சந்திரன் முன்னாலிருந்து குரல் கொடுத்தான்: "கதவுப் பக்கம் நிக்கிறவங்க யாராச்சும் ரெண்டு தட்டு தட்டுங்க, போயிரலாம்." அன்று வேலை ஏதோ இருந்து செலாயாங்கிலேயே ஏறியிருந்த பாக்கியம் அக்கா, நான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்த அதே குடையால் டொக் டொக் என்று தட்டினார். பஸ் கிளம்பியது. பின்னால் நின்ற பஸ்களிலும் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். போராட்டம் முடிந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கியதும் சந்திரனின் சட்டையைப் பிடித்தேன். கருங்காலி என்று சொன்னேன். அவன் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை: "உன் கோரிக்கை நியாயம்தான்டா. ஆனா அக்கா ஏழு மணிக்குக் கார்டு அடிக்கணும்ல, அதுக்கு உன் துண்டறிக்கைல என்ன எழுதியிருக்கே?"

மழைச்சட்டை

இரண்டு வாரம் கழித்து எனக்கு ஒரு மழைச்சட்டை வந்தது. மஞ்சள் நிறம், புதுசு. போராட்டத்தின் வெற்றி என்று அடுத்த அறிக்கைக்கு வாசகம்கூட யோசித்துவிட்டேன். நன்றி சொல்லக் கூடாது, உரிமைக்கு நன்றி எதற்கு என்று முடிவு செய்து, தவுக்கேயின் முன்னால் நிமிர்ந்து நின்றேன். எங்கள் தவுக்கே எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த சீனர். நம்மைவிடச் சுத்தமாகத் தமிழில் திட்டுவார். "எங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டதைப் பதிவு செய்கிறேன்" என்று ஆரம்பித்தேன்.

அவர் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் இருந்த காலி நாற்காலியைக் காட்டினார். முந்தின நாள் சந்திரன் அதில் உட்கார்ந்து, டீ குடித்து, சிரித்துப் பேசி, போகிற போக்கில் கேட்டிருக்கிறான். ஐந்து நிமிட வேலை. எனக்கு நாற்காலியைக் காட்டினாரே தவிர உட்காரச் சொல்லவில்லை. "சந்திரன் கேட்டான், குடுத்தேன். நீ கேட்டிருந்தா நனைஞ்சுக்கிட்டே போன்னு சொல்லியிருப்பேன் லா."

தள்ளி நில்லுங்கள்

அந்தப் படம் எடுத்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் கேமராவோடு ஒருவர் வந்தார். எந்த வருடம் என்று கேட்காதீர்கள். எல்லா வருடமும் ஒரே மாதிரிதான் தொங்கினேன். சந்திரன் சீட்டை விட்டு எழுந்து, கதவுப் பக்கத்து முன் ஜன்னலுக்கு வந்து சாய்ந்து பல்லைக் காட்டினான். நான் கதவிலிருந்து இறங்கி, சட்டையைச் சரி செய்து, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கேமராக்காரர் கையை ஆட்டினார். இன்னும், இன்னும் என்று ஆட்டிக்கொண்டே இருந்தார். பின் வாங்கிப் பின் வாங்கிக் கதவையும் தாண்டிவிட்டேன். ஆனால் கையை மட்டும் தகரத்திலிருந்து எடுக்கவில்லை. அதுதான் என் எதிர்ப்பு. என்னை நகர்த்தலாம், என் கையை நகர்த்த முடியாது. அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அண்ணே, நீங்க நின்னா டிரைவர மறைக்குது, கையக் காட்டிட்டு நின்னா பரவால்ல."

காலி பஸ்

பிறகு ஒருநாள் மினி பஸ்களை மொத்தமாக நிறுத்திவிட்டார்கள். பெரிய பஸ்கள் வந்தன, ரயில்கள் வந்தன. சந்திரனுக்குக் குளுகுளு பஸ்ஸில் டிரைவர் வேலை கிடைத்தது. சட்டையில் பெயர் தைத்துக் கொடுத்தார்கள். கண்டக்டர் என்ற ஆளே வேண்டாம் என்றார்கள். நான் பூச்சோங்கில் ஒரு கட்டடத்துக்குக் காவலுக்குப் போனேன். அங்கே ஒரு நாற்காலி கொடுத்தார்கள். கேட்டபோது கொடுக்காத நாற்காலியைக் கேட்காதபோது கொடுத்தார்கள். அதன் பிறகு சந்திரனை நான் பார்க்கவில்லை.

இப்போது கிள்ளானில் இருக்கிறேன். சென்ற மாதம் பிரிக்ஃபீல்ட்ஸ் கண்காட்சிக்குப் போக, வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பஸ் ஏறினேன். கார்டைக் காட்டினால் ஒரு பெட்டி கீச் என்கிறது. நான் இருபது வருடம் செய்த வேலை அந்தக் கீச்தான். அந்தப் பெட்டியை யாரும் சனி என்று சொல்வதில்லை. அதன் மேலும் எனக்குப் பொறாமை. அடுத்த நிறுத்தத்தில் ஒரு கல்லூரிப் பெண் ஏறிக் கதவருகே நின்றாள். வாய் சும்மா இருக்கவில்லை. "பின்னால போம்மா, பின்னால காலி!" என்று கத்திவிட்டேன். வாழ்நாளில் முதல் தடவையாக அது உண்மையாக இருந்தது. அவள் ஒரு காதிலிருந்து இயர்ஃபோனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்: "அங்கிள், முன்னாலயும் காலிதான். நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம்."

ஐந்து கைகள்

கண்காட்சியை நடத்துவது தர்ஷினி என்ற பெண். கெட்டிக்காரி. கிள்ளானில் ஒரு பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த மினி பஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து, சாயம் அடித்து, ஓடும்படி செய்திருக்கிறாள். வரலாற்றில் உழைக்கும் வர்க்கத்தின் பெயர் மறைக்கப்படுவது பற்றி அவளிடம் பத்து நிமிடம் பேசினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு அந்தக் கை என் கை என்றேன். பெருமூச்சு விட்டாள். எனக்கு முன்னால் நான்கு பேர் வந்து அது தங்கள் கை என்று சொல்லியிருக்கிறார்களாம். எல்லோரும் சந்திரனோடு ஏதோ ஒரு காலத்தில் வேலை செய்த கண்டக்டர்கள். எங்கள் வர்க்கத்தில் ஒற்றுமை இல்லை என்று நான் எப்போதும் சொல்வேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் ஒன்றாக வந்திருக்கிறார்கள்.

"சந்திரனையே கேளேன்" என்றேன். கேட்டாளாம். "நான் ரோட்டத்தானேம்மா பாத்துக்கிட்டிருந்தேன், கைய எங்க பாத்தேன்" என்றானாம். உண்மைதான், அதனால் இன்னும் கோபம் வந்தது. இதற்காகவே கொண்டுபோயிருந்த அந்தப் பழைய துண்டறிக்கையை எடுத்து மேசையில் விரித்தேன். ஓரம் நைந்த, மை மங்கிய காகிதம். அவள் இரண்டு தடவை படித்தாள். கண்ணில் மரியாதை தெரிந்தது. திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். "ரொம்ப நல்லா இருக்கு அங்கிள். ஆனா இதுல எங்கயுமே உங்க பேரு இல்லையே?"

கடைசித் தட்டு

இவ்வளவையும் நான் எழுதி வைத்த பிறகு கண்காட்சியின் கடைசி ஞாயிறு வந்தது. அன்று காலை, அந்த ரோஸ் பஸ்ஸை மண்டபத்திலிருந்து தெருக்கோடி வரை ஓட்டிக் காட்டுவதாக ஏற்பாடு. சந்திரன்தான் டிரைவர். நான் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். எட்டு மணிக்கே போய்விட்டேன். அவன் வந்து இறங்கினான். முடி முழுக்க நரை, கையில் தடி, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு. கழுத்தில் மாலை போட்டார்கள். டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரும் அவருடைய ஆட்களும் உள்ளே ஏறினார்கள். பழைய பயணிகள் என்று சிலரையும் ஏற்றினார்கள். அதில் பாக்கியம் அக்காவும் இருந்தார், ஜன்னல் ஓர இருக்கையில், குடையோடு. நான் நடைபாதையில் கூட்டத்தோடு நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவன் ரோட்டைத்தான் பார்ப்பான்.

இஞ்சின் உறுமியது. பஸ் நகரவில்லை. டத்தோ கடிகாரத்தைப் பார்த்தார். தர்ஷினி ஜன்னலுக்கு ஓடினாள். "என்ன அங்கிள், ஏதும் கோளாறா?" சந்திரன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னான், "யாரும் தட்டலயேம்மா. தட்டாம எப்படி எடுப்பேன்?" கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் தட்டாப் போராட்டம் இத்தனை வருடம் கழித்து வென்றுகொண்டிருந்தது, ஒரு டத்தோவையே நிறுத்தி வைத்து.

தர்ஷினி கதவுப் பக்கம் வந்து, கதவைத் தட்டி உள்ளே வரலாமா என்று கேட்பது போல இரண்டு தட்டுத் தட்டினாள். பஸ் கிளம்பியது. கைதட்டினார்கள். மறுபடியும் என் கை இல்லாமலே போகிறது. ரோஸ் தகரம் மெதுவாக என் முகத்துக்கு முன்னால் நகர்ந்தது. சந்திரன் போனான், டத்தோ போனார், பாக்கியம் அக்கா போனார். கதவு வந்தது. கதவைத் தாண்டி, படத்தில் இருக்கும் அதே இடம் வந்தது. நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். கை தானாகப் பிரிந்தது. ஓங்கி ஒரே ஒரு தட்டு.

பிரேக் கிறீச்சிட்டது. டத்தோ முன் கம்பியைப் போய்ப் பிடித்தார். உள்ளேயிருந்து பாக்கியம் அக்காவின் குரல், "அய்யோ, அந்தச் சனி இன்னும் உசிரோட இருக்கு!" என்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு என் கையைப் பார்த்தாள், பிறகு படம் இருந்த பக்கம் பார்த்தாள். சந்திரன் மட்டும் திரும்பவில்லை. மாலை கழுத்தில் ஆட, ரோட்டைப் பார்த்தபடியே முன்னாலிருந்து கத்தினான்: "டேய் மாணிக்கம், மெதுவாத் தட்டுடா, இது தவுக்கே முதுகு இல்ல!"

அன்று மத்தியானமே பலகையில் என் பெயர் ஏறிவிட்டது, ஆனால் சந்திரன் பெயரைவிட எழுத்து இரண்டு விரல்கடை சிறியது என்பதால் அதைக் கண்டித்து ஒரு துண்டறிக்கை எழுதி முடித்திருக்கிறேன், இந்தத் தடவை கீழே கையெழுத்துப் போட்டு.